கடைசிச் சைக்கிள்

[மைசூருவிலிருந்து உதகைக்குப் புறப்பட்ட சைக்கிள் பிரச்சாரக் குழுவினரிடையே, புறப்பாட்டுக்கு முந்தைய நாள் மாலை ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.]



நாளைக் காலை இந்நகரிலிருந்து புறப்படும் குழுவில் 24 பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் கன்னடம் பேசுகிறவர்கள். பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். ஆலைத் தொழிலாளர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள், மாணவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் என அக்குழு அமைந்திருக்கிறது. மூத்தவருக்கு வயது 63, இளையவருக்கு 19. மூன்று நாள்களில் சுமார் 125 கிலோமீட்டர் கடந்து, உதகையில் தேயிலைத் தொழிலாளர்களின் கூட்டத்தில் கலந்துகொள்ள வேண்டும். வழியில் நஞ்சன்கூடு, பேகூர், குண்டலுப்பேட்டை, மசினகுடி ஆகிய ஊர்களில், 29 தொழிலாளர் சட்டங்களைக் கலைத்துவிட்டு அவற்றின் இடத்தில் கொண்டுவரப்பட்ட 4 சட்டத் தொகுப்புகளைப் பற்றி மக்களிடம் பேச வேண்டும். என்ன பேசுவது என்பது நேற்றும் இன்றும் விரிவாக விவாதிக்கப்பட்டுவிட்டது. எப்படிப் போய்ச் சேர்வது என்பதைப் பற்றி எவரும் இன்னும் பேசவில்லை. பிரச்சாரப் பயணங்களில் வழக்கமாக நேரும் குறை இது. முழக்கங்கள் தயாராகிவிடும், முதல் பஞ்சர் ஆகும்போது பம்பு யாரிடம் இருக்கிறது என்பது தெரியாது.

ஆகவே இந்த மாலையில் சைக்கிளைப் பற்றியும், கூட்டமாகச் சைக்கிளில் நெடுந்தொலைவு செல்வோர் சந்திக்கும் ஏற்ற இறக்கங்களைப் பற்றியும் பேசுவது பொருத்தமாக இருக்கும்.

முதலில் பாதை. மைசூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். இந்த வேறுபாடு வழிநெடுக ஒரே சீராகப் பரவிக் கிடந்தால் கவலை இல்லை. அப்படிக் கிடக்கவில்லை. நஞ்சன்கூட்டில் கபினியைக் கடந்து குண்டலுப்பேட்டை வரையிலான ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் மலை என்று சொல்லத்தக்கது எதுவும் கிடையாது. சிறு மேடும் சிறு பள்ளமுமாக வயல்களுக்கிடையே செல்லும் சாலை. அடுத்து வருபவை பந்திப்பூர், முதுமலைக் காடுகள். தெப்பக்காட்டில் பாதை பிரிகிறது. கூடலூர் வழியே சென்றால் தொலைவு அதிகம், ஏற்றம் நிதானமானது. இடப்புறம் மசினகுடிக்குத் திரும்பினால் தொலைவு குறைவு. ஆனால் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. மசினகுடிக்கும் தலைக்குந்தாவுக்கும் இடையில் மட்டும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்த வாகனங்கள் பல என்பதால், வெளியூர் வாகனங்கள் அப்பாதையில் இறங்குவதற்குத் தடை இருக்கிறது. இரண்டு நாள் சமவெளியில் உற்சாகமாக மிதித்து வந்தவர்களின் கணக்கு முழுவதையும் மூன்றாம் நாள் காலையில் அந்தப் பாதை திருத்தி எழுதிவிடும்.

அதைச் சைக்கிளில் ஏறுவது புதிய செயல் ஒன்றும் அல்ல. 2008 டிசம்பரில் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்னும் நெடும்பயணம் கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் மலைப்பகுதிகளை ஒரு வார காலத்தில் சுற்றி வருகிறது. மொத்தத் தொலைவு 800, 900 கிலோமீட்டர் அளவில் இருக்கும். சுமார் 100 பேர் கலந்துகொள்வார்கள். மைசூரு அதன் வழியில் தவறாமல் வரும் ஊர்களுள் ஒன்று. கல்லட்டி ஏற்றம் அதன் புகழ்பெற்ற சோதனை. அதில் வருவோரில் மென்பொருள் பொறியாளர்களும் மருத்துவர்களும் தொழில் நடத்துவோரும் மிகுதி, வெளிநாட்டினரும் உண்டு. தேயிலைத் தொழிலாளி ஒருவரின் ஓராண்டுக் கூலியைவிட விலை கூடிய சைக்கிள்கள் அங்கே அரிதல்ல.

இதைக் கேட்டவுடன் சிரிப்பது எளிது. சிரிக்க வேண்டாம். கல்லட்டியின் ஏற்றம் பணக்காரரின் முழங்காலையும் சேர்த்தே சோதிக்கிறது. ஏறியவர் தம் கால்களால்தான் ஏறியிருக்கிறார். மேலும், அத்தகைய பயணங்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர்கள் தங்கள் பயணத்தைச் சைக்கிளிலிருந்து தொடங்கித் திட்டமிடுவதில்லை. சைக்கிளுக்குப் பின்னால் வருவதிலிருந்து திட்டமிடுகிறார்கள். இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை குடிநீர், பழம், உப்பு. பழுது பார்ப்பவர் எந்த வண்டியில் வருகிறார், மருத்துவர் எந்த வண்டியில் வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் பின்னால் ஒரு வண்டி. கடைசியாக மிதித்து வருகிறவரை அது தாண்டிச் செல்லாது. முடியாதவர் அதில் ஏறிக்கொள்ளலாம், மறுநாள் மீண்டும் மிதிக்கலாம். அந்தப் பின்வண்டி இருப்பதால்தான் 100 பேர் துணிந்து புறப்படுகிறார்கள். அதற்கான செலவைக் கட்டணமாகச் செலுத்த அவர்களால் முடிகிறது. செலுத்த முடியாதவர்கள் பின்வண்டியை எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதுதான் தொழிலாளர் இயக்கத்தின் கேள்வி. அந்தக் கேள்விக்கு 130 ஆண்டு வரலாறு இருக்கிறது.

1891இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு 'கிளாரியன்' என்ற சோசலிச வார இதழைத் தொடங்கினார். 1894இல் பர்மிங்காமில் அந்த இதழின் வாசகர்கள் சிலர் கூடிச் சைக்கிள் சங்கம் ஒன்றை அமைத்தனர். ஓய்வு நாளில் ஊர் ஊராகச் சைக்கிளில் சென்று இதழையும் துண்டறிக்கைகளையும் கொடுப்பது, கிராமத்துத் திடல்களில் பேசுவது, மாலையில் கூட்டமாகத் திரும்புவது என்பது அவர்களின் வழக்கம். அடுத்த ஆண்டே அது தேசிய அமைப்பாக வளர்ந்தது. வழியில் தங்கவும் தேநீர் அருந்தவும் தங்களுக்கென வீடுகளையும் அவர்கள் ஏற்படுத்திக்கொண்டார்கள். லங்காஷயரில் நெல்சன் நகரத்து நெசவாலைத் தொழிலாளர் வட்டாரத்தினர் 1912இல் கட்டிய கிளாரியன் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேநீர் வழங்கும் வழக்கம் நூறாண்டு கடந்தும் தொடர்ந்தது.

வளர்ச்சி இப்படி என்றால், சறுக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. சைக்கிள் பழுதாகவில்லை, முன்னால் சென்றவர் வழி மாறினார். தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது பிளாட்ச்ஃபோர்டு பிரிட்டிஷ் அரசின் பக்கம் நின்றார். 1914இலும் அவ்வாறே நின்றார். அந்த இதழைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர்களில் போரை எதிர்த்தவர்களின் நிலை என்னவாகியிருக்கும் என்பதைத் தோழர்கள் எண்ணிப் பார்க்கலாம். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. 2021இல் அது தன் அமைப்பு விதிகளிலிருந்து சோசலிசம் பற்றிய குறிப்பை நீக்க முடிவு செய்தது. அதை ஏற்காதவர்கள் பிரிந்து தனி அமைப்பு கண்டார்கள். 130 ஆண்டு ஓடிய சக்கரம் எந்த ஊருக்காக ஓடத் தொடங்கியது என்பதையே வாக்கெடுப்புக்கு விட வேண்டிய நிலை அது.

ஜெர்மனியின் அனுபவம் இன்னும் ஆழமானது. சோசலிஸ்டுகளுக்கு எதிரான பிஸ்மார்க்கின் தடைச்சட்டம் 1890இல் காலாவதியாயிற்று. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1896இல், ஓஃபன்பாக் நகரில் 'சாலிடாரிட்டி' என்னும் பெயரால் தொழிலாளர் சைக்கிள் சங்கம் அமைக்கப்பட்டது. சாலிடாரிட்டி என்றால் ஒருமைப்பாடு. பெயரிலேயே நோக்கம் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு முன் அதன் உறுப்பினர் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தை எட்டியது. 1920களில் அதையும் தாண்டிப் பெருகியது. உலகிலேயே பெரிய சைக்கிள் அமைப்பாக அது விளங்கிற்று. தேர்தல் காலங்களில் துண்டறிக்கைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற அதன் உறுப்பினர்களுக்கு வர்க்கப் போராட்டத்தின் செந்நிறக் குதிரைப்படை என்ற பட்டப்பெயர் உண்டு.

ஆனால் அந்த அமைப்பைத் தாங்கி நின்றவை பட்டப்பெயர்களும் கொடிகளும் அல்ல. உறுப்பினர் கீழே விழுந்து கால் முறிந்தால் விபத்து உதவித்தொகை. இறந்தால் குடும்பத்துக்கு உதவி. போலீஸ் வழக்குப் போட்டால் சட்ட உதவி. இவை அனைத்தும் சந்தாவிலிருந்து வழங்கப்பட்டன. ஓஃபன்பாக்கில் தொழிலாளர்களுக்கே சொந்தமான சைக்கிள் தொழிற்சாலை ஒன்றையும் அந்தச் சங்கம் நடத்தியது. செலுத்த முடியாதவர்கள் தங்கள் பின்வண்டியைத் தாங்களே செய்துகொண்ட முறை இதுதான். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் சங்கத்தைத் தடை செய்தார்கள், தொழிற்சாலையைப் பறித்துக்கொண்டார்கள். சைக்கிள் ஓட்டுவது குற்றமாக இருக்கவில்லை. தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் பின்வண்டியாக இருப்பதே பாசிசத்துக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு பயணமும் அதே காலத்தில் தொடங்கியது. பிரான்சில் 'லோட்டோ' என்ற விளையாட்டுச் செய்தித்தாள் தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்வதற்காக 1903இல் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை நடத்தியது. ஆறு கட்டங்களில் 2,428 கிலோமீட்டர். 60 பேர் புறப்பட்டனர், 21 பேர் முடித்தனர். வென்றவர் மொரிஸ் காரன். சிறுவயதில் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். தொடக்க காலத்து விதிகளின்படி, பந்தய வீரர் தம் சைக்கிளைத் தாமே பழுது பார்க்க வேண்டும். பிறர் உதவி கூடாது. 1913இல் பிரனீஸ் மலைத்தொடரில் யூஜின் கிறிஸ்தோஃப் என்பவரின் சைக்கிளில் முன்கவை முறிந்தது. அதைத் தோளில் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து, மலையடிவாரக் கிராமத்தின் கொல்லுப்பட்டறையை அடைந்து, பந்தய அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, தம் கையாலேயே அதை அடித்துப் பொருத்தினார். அப்போது பட்டறைச் சிறுவன் ஒருவன் துருத்தியை ஊதிக் கொடுத்தான். அது பிறர் உதவி என்று சொல்லி அவருக்கு நேரத் தண்டனை விதித்தார்கள்.

அந்தத் துருத்தியைத் தோழர்கள் மறக்க வேண்டாம். சிறுவன் ஒருவன் காற்றூதித் தந்ததைக் குற்றமாகக் காணும் கண் எது? தனிமனிதன் தனியாகவே வெல்ல வேண்டும், தனியாகவே தோற்க வேண்டும் என்று நினைக்கும் கண் அது. 1924இல் ஆன்றி பெலிஸியே என்ற புகழ்பெற்ற வீரர், புறப்படும்போது அணிந்திருந்த மேல்சட்டையை வெயில் ஏறிய பிறகும் கழற்றிப் போடக் கூடாது என்ற விதியை எதிர்த்துப் பந்தயத்தை விட்டு விலகினார். ஆல்பர்ட் லோந்திரஸ் என்ற பத்திரிகையாளரிடம், இந்தப் பந்தயத்தில் தாங்கள் என்னென்ன மருந்துகளை உட்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். பிறகு கம்யூனிஸ்ட் நாளேடான 'லூமானித்தே'வுக்கும் அவர் கடிதம் எழுதினார். விளையாட்டு வீரர் என்று மேடையில் போற்றப்பட்டவர் தாம் ஒரு தொழிலாளி என்பதைக் கண்டுகொண்ட தருணம் அது.

இடையில் ஒரு செய்தி. தோழர் லெனின் பாரிசில் புலம்பெயர்ந்து வாழ்ந்தபோது சைக்கிளில்தான் சுற்றினார். நகருக்கு வெளியே ஜுவிசி என்ற இடத்தில் விமானங்கள் பறப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில் மோட்டார் கார் ஒன்று மோதி அவருடைய சைக்கிளை நொறுக்கியது. அவர் குதித்துத் தப்பினார். காருக்குச் சொந்தக்காரர் ஒரு பிரபு. லெனின் விட்டுவிடவில்லை, வழக்கறிஞரை அமர்த்தி இழப்பீடு பெற்றார். சாலையில் சைக்கிள்காரரை இடித்துவிட்டு அவர் மீதே பழி போடும் கார்க்காரர்களைச் சந்திக்க நேர்ந்தால் இந்த முன்னுதாரணம் நினைவிருக்கட்டும்.

ஐரோப்பாவைவிடத் தமிழ்த் தோழர்களுக்கு நெருக்கமான அனுபவம் புதுக்கோட்டையில் இருக்கிறது. 1991இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ஊழியர்கள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கிராமந்தோறும் சென்று எழுத்துக் கற்பித்தார்கள். பெண் தொண்டர்கள் ஊர்விட்டு ஊர் செல்லப் பேருந்து கிடையாது, கிடைத்தாலும் நேரத்துக்கு வராது. அங்கிருந்து பிறந்ததுதான் பெண்கள் சைக்கிள் கற்கும் இயக்கம். ஒன்றரை ஆண்டுக்குள் லட்சம் பெண்கள் அளவில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். விவசாயக் கூலிப் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், கிராமச் செவிலியர், ஆசிரியைகள் எனப் பலரும் அதில் இருந்தார்கள். தலித் பெண்களும் இஸ்லாமியப் பெண்களும் இருந்தார்கள். சைக்கிள் ஓட்டும் பெண்ணைப் பற்றித் தெருவில் ஆபாசமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். கற்றவர் எண்ணிக்கை பெருகப் பெருக அந்தப் பேச்சு அடங்கிப் போயிற்று.

அங்கேயும் வெற்றிக்குக் காரணம் தனி வீரம் இல்லை. சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. கற்றவள் அடுத்தவளுக்குக் கற்பித்தாள். பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனபோது ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே வசதி என்று கண்டவர்களும் உண்டு. இதை எந்தத் திட்ட அலுவலரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற கவலை உள்ளவளுக்கே அந்தப் பார் கண்ணில் படும். நாளைய பயணத்தில் வரும் அங்கன்வாடித் தோழர்கள், பயணத் திட்டத்தைப் பார்த்தவுடன் வழியில் கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். ஆண் தோழர்கள் தயாரித்த இரண்டு பக்கத் திட்டத்தில் அது இல்லை. இப்போது சேர்க்கப்பட்டிருக்கிறது.

சைக்கிள் பயணம் என்றதும் இன்பச் சுற்றுலா மட்டுமே நினைவுக்கு வரக் கூடாது. 2020 மார்ச் இறுதியில் நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டது. ரயில் இல்லை, பேருந்து இல்லை, கூலி இல்லை. கட்டடத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கையில் மிஞ்சிய காசுக்குப் பழைய சைக்கிள்களை வாங்கிக் கூட்டம் கூட்டமாகத் தங்கள் மாநிலங்களை நோக்கிப் புறப்பட்டார்கள். சென்னையிலிருந்து ஒடிசாவுக்கும் பீகாருக்கும் சைக்கிளில் கிளம்பியவர்கள் இருக்கிறார்கள். வழியில் லாரி மோதி இறந்தவர்களும் இருக்கிறார்கள். குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா மாவட்டத்துக்கு, காயமுற்ற தந்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு 15 வயதுச் சிறுமி ஒருத்தி சென்று சேர்ந்தாள். தொலைவு சுமார் 1,200 கிலோமீட்டர். அமெரிக்க அதிபரின் மகள் அதை அன்பின் அரிய சாதனை என்ற பொருளில் புகழ்ந்தார். சைக்கிள் கூட்டமைப்பு அவளைத் தேர்வுச் சோதனைக்கு அழைத்தது. அந்தக் குடும்பம் ஏன் மிதிக்க நேர்ந்தது என்ற கேள்வியை அந்தப் பாராட்டு மூடிவிட்டது. டிசம்பரில் நீலகிரியைச் சுற்றும் பயணத்தைவிட நீண்ட தொலைவு, மே மாத வெயிலில், பின்வண்டி இல்லாமல். அந்தப் பின்வண்டியை அனுப்ப வேண்டிய அரசு அப்போது மாநில எல்லைகளில் தடுப்புகளை வைத்துக் காத்திருந்தது.

சைக்கிள் இன்னும் யாருடைய வாகனம் என்பதை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டின் குடும்பங்களில் 44.8 சதவீதத்திடம் சைக்கிள் இருந்தது. மோட்டார் இருசக்கர வாகனம் 21 சதவீதத்திடம், கார் 4.7 சதவீதத்திடம். சாலைகள் யாருக்காகப் போடப்படுகின்றன என்பதை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மைசூருவில் 2017 ஜூனில் 'டிரின் டிரின்' என்ற பொதுச் சைக்கிள் திட்டம் தொடங்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு 48 நிலையங்கள், 450 சைக்கிள்கள். நல்ல முயற்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஹெப்பால், மேட்டகள்ளி பக்கத்து ஆலைகளுக்கு விடியற்காலையில் தம் சொந்தச் சைக்கிளில் செல்லும் தொழிலாளிக்கு வேண்டியது அவர் செல்லும் சாலையில் லாரி மோதாத ஓரம். எளியவர்களின் இந்த வாகனத்துக்கு 12 சதவீத சரக்கு சேவை வரி விதித்து, எட்டு ஆண்டுகள் வசூலித்து, 2025 செப்டம்பரில்தான் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். தெருமுனைக் கூட்டங்களில் இதையும் சொல்லலாம். கேட்பவர்களில் பாதிப் பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள்.

இனி நாளைய பயணம். சைக்கிள் ஓட்டத்தில் எளிய இயற்பியல் ஒன்று உண்டு. முன்னால் செல்கிறவர் காற்றைக் கிழிக்கிறார். அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவர் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உழைப்பைச் சேமிக்கிறார். எனவே முன்னணி இடம் சுழற்சியில் மாற வேண்டும். வலுவானவர் முன்னால் சென்றுகொண்டே இருந்தால் பிற்பகலில் அவரும் சோர்வார். அதற்குள் வரிசையும் அறுந்திருக்கும். கூட்டப் பயணங்கள் பெரும்பாலும் மலையில் உடைவதில்லை. சமவெளியில், முதல் நாள், உற்சாக மிகுதியில் உடைகின்றன. இளைஞர்கள் ஐந்தாறு பேர் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னே போய்விடுவார்கள். ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் காத்திருப்பார்கள். பின்னால் வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும் நேரத்தில், போதுமான அளவு ஓய்வெடுத்துவிட்ட இவர்கள் மீண்டும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை, தேவைப்படாதவருக்குக் கிடைத்தது. மூன்றாம் நாள் நடக்கும் சண்டைக்கு விதை இங்கே விழுகிறது. சண்டை மொழியின் பெயரால் வெடித்தாலும் வியப்பில்லை.

இந்தக் கடைசிக் குறிப்பு வேண்டுமென்றே சொல்லப்பட்டது. 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி, அந்த டிசம்பரில் பெங்களூருவிலும் மைசூரு வட்டாரத்திலும் தமிழ் உழைப்பாளிகள் தாக்கப்பட்டார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூருவில் மீண்டும் பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. எரித்தவர்களும் எரிக்கப்பட்ட லாரிகளின் ஓட்டுநர்களும் பெரும்பாலும் ஒரே கூலி வாழ்க்கையைச் சேர்ந்தவர்கள். காவிரியின் துணையாறான கபினியைக் கன்னடரும் தமிழரும் ஒரே வரிசையில் சைக்கிளில் கடப்பதைச் சாலையோரத்தில் நிற்பவர்கள் கவனிப்பார்கள். முன்னால் கன்னடத் தோழர்கள் கூட்டமும் அரைக் கிலோமீட்டர் பின்னால் தமிழ்த் தோழர்கள் கூட்டமுமாகப் போனால், அதையும் கவனிப்பார்கள். ஆகவே வரிசை கலந்தே இருக்கும். இரண்டிரண்டு பேராக, ஒருவருக்கு மற்றவர் பொறுப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டுள்ளது.

சில ஏற்பாடுகள். வரிசையின் வேகத்தை 63 வயதுத் தோழர் தீர்மானிப்பார். கடைசிச் சைக்கிளில் வருகிறவரிடம் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், இரண்டு டியூப், ஸ்பேனர், விசில் இருக்கும். குழுவிலேயே வலுவான கால்கள் உடையவர் எவரோ அவர்தான் கடைசியாக வர வேண்டும். ஏனென்றால் பழுது பார்த்துவிட்டு மீண்டும் ஓடி வந்து சேர வேண்டியவர் அவர். அந்தப் பொறுப்பை ஆலைத் தொழிலாளர் தோழர் ஒருவர் ஏற்றிருக்கிறார். பின்வண்டியாக, குண்டலுப்பேட்டை விவசாயத் தோழர் ஒருவரின் சரக்கு வண்டி வருகிறது. டீசல் செலவுக்கு இங்கே உண்டியல் வசூல் நடந்திருக்கிறது. தாகம் எடுக்கும் முன் தண்ணீர் குடிக்க வேண்டும். அதில் உப்பும் சர்க்கரையும் கலந்திருக்க வேண்டும்.

முதல் இரவு குண்டலுப்பேட்டையில் தங்கல். இரண்டாம் நாள் மேலுகாமனஹள்ளிச் சோதனைச்சாவடியில் சைக்கிள்கள் வண்டியில் ஏற்றப்படும். பந்திப்பூர், முதுமலைக் காடுகளின் வழியே எவரும் மிதிக்கப் போவதில்லை. யானைகள் கடக்கும் பாதையில் வீரம் காட்ட இடமில்லை. அச்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்கு 2009இலிருந்தே தடை இருக்கிறது. எனவே பகலிலேயே கடந்துவிட வேண்டும். இதனால் பயணத்தின் தொலைவு குறைந்துவிடுகிறதே, முழுவதும் சைக்கிளில் வந்ததாகச் சொல்ல முடியாதே என்று சில இளந்தோழர்கள் வருந்தினார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

மூன்றாம் நாள் கல்லட்டி. கியர் உள்ள சைக்கிள்கள் ஐந்துதான். மற்றவை அன்றாடம் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் சாதாரணச் சைக்கிள்கள். அவற்றில் அந்த ஏற்றத்தை மிதித்து ஏற முடியாது. இறங்கித் தள்ள வேண்டும். ஒருவர் இறங்கினால் அந்த வளைவில் எல்லோரும் இறங்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. கியர் சைக்கிள் வைத்திருக்கும் தோழர்களுக்கு இது எரிச்சலூட்டும் என்பது தெரிந்ததே. அவர்கள் இன்னொரு நாள் வந்து ஒரே மூச்சில் ஏறிக்கொள்ளட்டும். காலை 6.30க்குத் தொடங்கினால் 36 வளைவுகளையும் தள்ளி முடிக்க நண்பகல் ஆகலாம். உதகைத் தோழர்களிடம் கூட்டத்தைப் பிற்பகல் 4 மணிக்கு மாற்றி வைக்கச் சொல்லியாயிற்று.

நாளைக் காலை 6 மணிக்கு ராமசாமி சர்க்கிளில் கூட வேண்டும். சமஸ்தானத்தில் மக்களாட்சி அமைக்கக் கோரி 1947 செப்டம்பரில் நடந்த மைசூரு சலோ போராட்டத்தில், கொடியேற்ற முயன்று துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான மாணவரின் பெயர் தாங்கிய இடம் அது. அங்கே பேச்சு எதுவும் இல்லை. ஒரு நிமிட அஞ்சலி மட்டும். புறப்படும் முன் ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரின் பிரேக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நஞ்சன்கூடு 23 கிலோமீட்டர். அங்கே ஆலைத் தோழர்கள் 8.30க்கு இட்லியோடு காத்திருப்பார்கள். 24 தட்டுகள் சொல்லியிருக்கிறது. கடைசிச் சைக்கிள் வந்து சேர்ந்த பிறகே பரிமாறுவார்கள்.